கிட்னி மாற்றியவர் கர்ப்பமாகலாமா? மாத்திரையை நிறுத்துவதற்கு முன் இதைப் படியுங்கள்

என் சித்தி மகளுக்கு ஆறு வருடத்துக்கு முன்பு கிட்னி மாற்றினார்கள். கொடுத்தது சித்தியேதான். போன வருடம் அவளுக்குக் கல்யாணமாகி குடியாத்தத்தில் குடித்தனம். ஒரு மாதம் நாள் தள்ளிப்போனது. தெரிந்த மருந்துக்கடையில் ஒருவர், "கர்ப்பமா இருந்தா இந்த மாத்திரை எல்லாம் குழந்தைக்கு விஷம்மா, உடனே நிறுத்திடு" என்று சொல்லியிருக்கிறார். அவளும் பயந்துபோய் பன்னிரண்டு நாள் ஒரு மாத்திரைகூடப் போடவில்லை. அதற்கப்புறம்தான் எனக்குப் போன் செய்தாள். "அக்கா, உடம்பெல்லாம் ஊதுற மாதிரி இருக்கு, நான் செஞ்சது சரிதானே?"

சரியில்லை. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எண்ணான கிரியாட்டினின் 1.1-ல் இருந்து 1.9-க்கு ஏறியிருந்தது. பயாப்சி எடுத்துப் பார்த்து, உடம்பு கிட்னியைத் தாக்க ஆரம்பித்துவிட்டது, அதாவது ரிஜெக்‌ஷன் என்றார்கள், மூன்று நாள் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். இதில் மனசு ஆறாத விஷயம், அவள் கர்ப்பமாகவே இல்லை.

வேலூரில் இருக்கிற நமக்கு கிட்னி மாற்று சிகிச்சை புதிது கிடையாது. 1971-லேயே இங்குள்ள சிஎம்சி ஆஸ்பத்திரியில் வெற்றிகரமாகச் செய்துவிட்டார்கள். பழைய வட ஆற்காடு மாவட்டம் முழுக்க எந்த ஊருக்குப் போனாலும், கிட்னி மாற்றியவர் ஒருவரையாவது தெரிந்தவர் இருப்பார். ஆனால் மாற்றிய பெண் பிள்ளை பெற்றுக்கொள்ளலாமா என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். "கூடவே கூடாது, உயிருக்கு ஆபத்து" என்பார் ஒருவர். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது, கடவுள் விட்ட வழி" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் மாத்திரையை நிறுத்தச் சொல்வார். மூன்றுமே தவறு, மூன்றாவதுதான் அதிக சேதம் செய்கிறது. அதனால் அடியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஒட்டுக் கட்டும் கிட்னியும்

நம் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒட்டுக் கட்டுவது தெரியும். நாட்டு மாங்கன்றில் பங்கனபள்ளி குச்சியை வைத்துக் கட்டிவிட்டால், கொஞ்ச நாளில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், கட்டை அவிழ்த்துவிடலாம். கிட்னியையும் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆறு வருடம் ஆயிற்றே, ஒட்டியிருக்காதா, இன்னும் எதற்கு மாத்திரை என்று.

உடம்பு மரம் மாதிரி இல்லை. நம் உடம்பின் ஏறக்குறைய எல்லா செல்லின் மேலும் ஒரு அடையாள முத்திரை இருக்கிறது. ரத்தத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் அந்த முத்திரையைப் பார்த்துத்தான் நம்முடையதா, வெளியாளா என்று தீர்மானிக்கின்றன. அம்மா கொடுத்த கிட்னியாக இருந்தாலும் முத்திரையில் பாதிதான் ஒத்துப்போகும். மீதிப் பாதி வெளியாள். டி செல் அதைக் கண்டுவிட்டால் தாக்க ஆரம்பிக்கும். அதற்குப் பெயர்தான் ரிஜெக்‌ஷன்.

தினமும் போடும் மாத்திரைகள் இந்தத் தாக்குதலை அடக்கிவைக்கின்றன. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து என்பது இவைதான். பத்து வருடம் ஆனாலும் உடம்பு அந்தக் கிட்னியைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டுவிட்டது என்று நம்பி யாரும் இந்தக் கட்டை அவிழ்க்க முடியாது. கர்ப்பத்திலும்தான்.

அப்படியானால் குழந்தையும் வெளியாள்தானே?

நல்ல கேள்வி. குழந்தையின் முத்திரையில் பாதி அப்பாவுடையது. கிட்னியைத் தாக்கும் உடம்பு, குழந்தையை ஏன் விட்டுவைக்கிறது? பீட்டர் மெடாவர் என்ற விஞ்ஞானி 1953-ல் இதையே கேட்டார். பதிலின் பெரும்பகுதி நஞ்சுக்கொடியில் இருக்கிறது. கருப்பையைத் தொடும் நஞ்சுக்கொடி செல்கள் வழக்கமான முத்திரைகளில் பெரும்பாலானவற்றைக் காட்டுவதில்லை. அதோடு, அங்கே வரும் தாயின் அணுக்களைச் சாந்தப்படுத்தும் வேறொரு முத்திரையைக் காட்டுகின்றன. அதாவது சமாதானம் அந்த இடத்தில் மட்டும்தான். "கர்ப்பத்தில் எதிர்ப்பு சக்தி தானாகக் குறைந்துவிடும், அதனால் மாத்திரை தேவையில்லை" என்று சிலர் சொல்வதை நம்பவேண்டாம். குழந்தைக்குக் கிடைக்கும் சலுகை கிட்னிக்குக் கிடைக்காது.

இதிலேயே இன்னொரு விஷயம். அந்தச் சமாதானம் முழுமையானது கிடையாது. பிள்ளை பெற்ற பெண்களில் சிலருக்கு, கணவரின் முத்திரைக்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது அதைத் தேடித் தாக்கும் புரதம், ரத்தத்தில் தங்கிவிடும். பின்னாளில் அந்தக் கணவரே கிட்னி கொடுக்க முன்வந்தாலும் கிராஸ்மேட்ச் என்ற பொருத்தம் பார்க்கும் பரிசோதனையில் சேராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டில் இதைத் தப்பாக எடுத்துக்கொண்டு மனஸ்தாபம் வந்ததைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். இதில் யார் குற்றமும் இல்லை.

கிட்னி மாற்றியபின் முதலில் பிள்ளை பெற்றவர் அமெரிக்காவின் ஓக்லஹோமாவைச் சேர்ந்த எடித் ஹெல்ம். 1956-ல் மாற்றினார்கள், 1958 மார்ச்சில் குழந்தை. கொடுத்தவர் அவருடைய ஒரே அச்சான இரட்டைச் சகோதரி என்பதால் முத்திரைகள் ஒன்றாக இருந்தன, மாத்திரை தேவைப்படவில்லை. அதற்கப்புறம் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே ஆயிரக்கணக்கான பெண்கள் உலகம் முழுக்கப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். இவர்களின் விவரத்தைச் சேகரிப்பதற்கென்றே 1991 முதல் அமெரிக்காவில் ஒரு பதிவேடு இருக்கிறது. டாக்டர்கள் இன்று தைரியமாகப் பேசுவது இப்படிச் சேர்ந்த அனுபவத்தை வைத்துத்தான்.

சுருக்கமாக: கிட்னி என்றைக்கும் வெளியாள்தான். மாத்திரை நின்றால் தாக்குதல் வரும். கர்ப்பம் அதைத் தடுக்காது.

எல்லா மாத்திரையும் ஒன்றா?

காட்பாடியிலிருந்து சித்தூர் போகும் ரோட்டில் கிறிஸ்டியான்பேட்டை சோதனைச்சாவடி இருக்கிறதே, நஞ்சுக்கொடியை அப்படி நினைத்துக்கொள்ளுங்கள். தாயின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் நேரடியாகக் கலப்பதில்லை, நடுவில் இந்தச் சாவடி. சில சரக்கு அப்படியே தாண்டும், சிலதைப் பெருமளவு நிறுத்திவிடும், தாண்டினாலும் அந்தப் பக்கம் வேலை செய்யாத சரக்கும் உண்டு. மருந்துகள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "விஷம்" என்று சொல்லக்கூடாது என்பது இதனால்தான்.

பிரெட்னிசோலோன், நாம் ஸ்டீராய்டு என்று சொல்வது. நஞ்சுக்கொடியில் இருக்கும் ஒரு நொதி இதைச் செயலற்றதாக்கிவிடுகிறது. பத்தில் ஒரு பங்கு அளவுதான் குழந்தைக்குப் போகும்.

அசத்தயாப்ரின் பழைய மருந்து. தாண்டிப் போகும். ஆனால் அது வேலை செய்ய வேண்டுமானால் கல்லீரல் அதை மாற்றியாக வேண்டும். கருவில் உறுப்புகள் உருவாகும் காலத்தில் குழந்தையின் கல்லீரலுக்கு அந்தத் திறன் வந்திருக்காது.

டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் இரண்டும் ஓரளவு தாண்டுகின்றன. இருந்தாலும் இவற்றால் பிறவிக் குறைபாடு கூடுவதாக இத்தனை வருட அனுபவத்தில் தெரியவில்லை. எந்தக் கர்ப்பத்திலும் நூற்றில் மூன்று முதல் ஐந்து குழந்தைகளுக்கு ஏதோ ஒரு குறைபாடு இருக்கும், இவர்களுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இப்போது முக்கியமானது: மைக்கோஃபினோலேட். இன்று கிட்னி மாற்றியவர்களில் பெரும்பாலோர் டாக்ரோலிமஸ், ஸ்டீராய்டு, மைக்கோஃபினோலேட் என்ற மூன்றையும்தான் சாப்பிடுகிறார்கள். கிட்னிக்கு நல்ல மருந்துதான், கருவுக்கு மட்டும் ஆகாது. இதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கரு உண்டானால் ஏறக்குறைய பாதிக் கர்ப்பங்கள் கலைந்துவிடுகின்றன, உயிரோடு பிறக்கும் குழந்தைகளில் நான்கில் ஒன்றுக்கு ஏறக்குறைய காது உருவாகாமல் போவது, உதடு அண்ணம் பிளவு, இதயக் கோளாறு என்று ஏதாவது வருகிறது. மருந்துக்கடைக்காரர் எங்கோ கேள்விப்பட்ட "விஷம்" இந்த ஒரு மாத்திரையைப் பற்றியதாகத்தான் இருக்கும். அவர் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

கருவுக்கு முயற்சி செய்வதற்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே மைக்கோஃபினோலேட்டை எடுத்துவிட்டு, வழக்கமாக அசத்தயாப்ரினுக்கு மாற்றுவார்கள். மாற்றியபின் சில மாதம் பொறுத்து, கிட்னி இந்தப் புது மாத்திரையோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். சிரோலிமஸ், எவரோலிமஸ் சாப்பிடுபவர்களுக்கும் முன்கூட்டியே மாற்றுவது வழக்கம். கவனியுங்கள், இது மாற்றுவது. ஒன்றை எடுத்த இடத்தில் இன்னொன்று வந்து உட்காரும். ஒரு நாள்கூட அந்த இடம் காலியாக இருக்காது.

பிரஷர் மாத்திரையையும் மறக்கக்கூடாது. பெயர் "பிரில்" என்றோ "சார்டன்" என்றோ முடிந்தால், எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் என்று, கருவில் இருக்கும் குழந்தையின் கிட்னியை அது பாதிக்கும். லேபெட்டலால், நிஃபெடிபின் போன்ற வேறு மாத்திரை கொடுப்பார்கள். டெல்மிசார்டன் நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நாள் தள்ளிப்போய், அந்தச் சமயம் மைக்கோஃபினோலேட் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் என்ன செய்வது? அன்றைக்கே கிட்னி டாக்டருக்குப் போன். எதை எடுப்பது, எதைக் கொடுப்பது என்று அவர் சொல்வார். நாமாக எதையும் செய்யக்கூடாது.

எப்போது?

கிட்னி பழுதாகி டயாலிசிஸில் இருக்கும்போது பல பெண்களுக்கு மாதவிடாயே தாறுமாறாகிவிடும், முட்டை வெளிவருவது நின்றுவிடும். புதுக் கிட்னி வந்தபின் அந்த ஹார்மோன் ஒழுங்கு திரும்பிவிடுகிறது, அதுவும் சில மாதத்துக்குள்ளேயே. "எனக்குத்தான் வருஷக்கணக்கா ஒழுங்கா வரலையே" என்று நினைத்துக்கொண்டிருப்பவர் எதிர்பாராமல் கர்ப்பமாவது இப்படித்தான். எனவே ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போதே கருத்தடை பற்றிப் பேசியாக வேண்டும். கல்யாணமான பெண் என்றால் மாமியார் எதிரில் கேட்க மாட்டாள், ஆண் டாக்டரிடமும் கேட்க மாட்டாள். நர்ஸிடம் தனியாக ஒரு நிமிஷம் கேட்டால் போதும்.

டாக்டர்கள் பொதுவாகச் சொல்லும் காலம், மாற்றியபின் குறைந்தது ஒரு வருடம். இரண்டு வருடம் என்பவர்களும் உண்டு. முதல் வருடத்தில்தான் ரிஜெக்‌ஷன் பயமும் தொற்று பயமும் அதிகம், மருந்தின் அளவும் அதிகம். அதற்கப்புறம் பார்ப்பவை: கிரியாட்டினின் 1.5-க்குக் கீழே நிலையாக இருக்கிறதா, சிறுநீரில் புரதம் இல்லையா அல்லது மிகக் குறைவா, பிரஷர் கட்டுக்குள் இருக்கிறதா, கடந்த ஒரு வருடத்தில் ரிஜெக்‌ஷன் இல்லாமல் இருந்ததா. கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு, கிட்னி அதை வடிகட்டி வெளியேற்றும், ரத்தத்தில் அது ஏறினால் வடிகட்டும் வேலை குறைந்துவிட்டது என்று அர்த்தம். கர்ப்பத்தில் கிட்னி வழக்கத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வடிகட்ட வேண்டும், அதுவும் இங்கே ஒற்றைக் கிட்னி. ஏற்கெனவே தளர்ந்திருக்கும் கிட்னி இந்தச் சுமையில் மேலும் பழுதாகலாம். நன்றாக இருக்கும் கிட்னி பெரும்பாலும் தாங்கிவிடுகிறது.

என் தங்கைக்கு அந்தப் பன்னிரண்டு நாள் எதைப் பறித்தது என்று இப்போது புரியும். எல்லாக் கணக்கிலும் தயாராக இருந்தவள், ரிஜெக்‌ஷன் வந்ததால் இன்னும் ஒரு வருடம் பொறுக்க வேண்டியதாயிற்று.

கொடுத்தவரின் சாயல் குழந்தைக்கு வருமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வராது. கருமுட்டை அவளுடையது, கிட்னிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அவளுடைய சொந்தக் கிட்னி பழுதானது பரம்பரை நோயால் என்றால், உதாரணமாக நீர்க்கட்டிகள் நிறைந்த கிட்னி நோய், அது குழந்தைக்கு வர இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உயிருள்ள கிருமி வைத்த தடுப்பூசிகள், ரூபெல்லா ஊசி மாதிரி, மாற்றியபின் போடக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகப் போடும் டெட்டனஸ் ஊசி அந்த வகையில் சேராது.

குழம்பில் தண்ணீர் கூடினால்

கர்ப்பம் உறுதியான பின் அடிக்கடி "லெவல்" பார்ப்பார்கள். ரத்தத்தில் டாக்ரோலிமஸ் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் லெவல். நாலு பேருக்கு வைத்த குழம்பில் திடீரென்று விருந்தாள் வந்தார்கள் என்று தண்ணீர் விட்டால் உப்பு மட்டாகிவிடும் இல்லையா? கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு கூடுகிறது. அதோடு, கல்லீரல் இந்த மருந்தை முன்பைவிட வேகமாக உடைக்கிறது. அதே மாத்திரை, அதே நேரம், ஆனால் லெவல் இறங்கும். பலருக்கு அளவைக் கூட்ட வேண்டிவரும், பிரசவமானதும் மறுபடி குறைக்க வேண்டிவரும். குழம்பு உவமை இதற்கு மேல் போகாது. டாக்ரோலிமஸ் பெரும்பாலும் சிவப்பணுக்களில் ஒட்டியிருப்பதால், அவை நீர்த்துப்போகும்போது காகிதத்தில் தெரியும் எண் ஒன்று, உண்மையில் வேலை செய்யும் அளவு வேறொன்று. ஆகவே ரிப்போர்ட்டைப் பார்த்து வீட்டிலேயே கூட்டவோ குறைக்கவோ கூடாது.

லெவலுக்கு ரத்தம் கொடுக்கும் காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு போகக்கூடாது. ரத்தம் கொடுத்தபின் போட வேண்டும். ஆம்பூர், திருப்பத்தூரிலிருந்து விடியற்காலை ரயில் பிடித்து வருபவர்கள் வழக்கப்படி போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள், எண் தப்பாக வருகிறது, ஒரு நாள் வீணாகிறது.

மசக்கை வாந்தி இவர்களுக்குச் சின்ன விஷயம் கிடையாது. போட்ட மாத்திரை வெளியே வந்துவிட்டால் லெவல் விழும். நம் ஊர் சித்திரை வெயிலில் தண்ணீரும் வற்றினால் கிட்னி சீக்கிரம் சுருண்டுவிடும். அரை மணிக்குள் வாந்தி வந்தால் திரும்பப் போடுவதா என்பதை முதல் மாதத்திலேயே டாக்டரிடம் கேட்டு எழுதி ஒட்டிவைக்கலாம். பம்பளிமாஸ் பழம் வேண்டாம், அது லெவலை ஏற்றிவிடும். "கரு தங்க" என்று கொடுக்கும் கஷாயமும் சூரணமும் டாக்டருக்குத் தெரியாமல் வேண்டவே வேண்டாம்.

சுருக்கமாக: மைக்கோஃபினோலேட், சிரோலிமஸ், எவரோலிமஸ், "பிரில்", "சார்டன்" வகை பிரஷர் மாத்திரை எல்லாம் முன்கூட்டியே மாற்றப்பட்டிருக்க வேண்டும். மற்றவை தொடரும். அளவை மட்டும் டாக்டர் மாற்றிக்கொண்டே இருப்பார்.

ஏழாம் மாதமும் தாய்வீடும்

ஆபத்து என்று உண்மையில் எதைச் சொல்ல வேண்டும்? மூன்று விஷயம். பிரஷர், குறைமாதம், சிறுநீர்த் தொற்று. கர்ப்பத்தின் பிற்பாதியில் பிரஷர் ஏறி, சிறுநீரில் புரதம் போய், கல்லீரலும் மூளையும்கூட பாதிக்கப்படும் நிலைக்கு ப்ரீஎக்லாம்ப்சியா என்று பெயர். கிட்னி மாற்றியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் இது வருகிறது. மற்றவர்களைவிடப் பல மடங்கு. தடுக்க, 12 வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுப்பார்கள். ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் 37 வாரத்துக்கு முன்பே பிறக்கின்றன, சராசரி எடை இரண்டரைக் கிலோவுக்குச் சற்றுக் கீழே. அதே சமயம் கர்ப்பங்களில் நான்கில் மூன்று உயிருள்ள குழந்தையில் முடிகிறது. இரண்டு பக்கத்தையும் சேர்த்தே கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கேதான் நம் வழக்கம் குறுக்கே வருகிறது. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு போட்டு, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். சரியாக வாரா வாரம் பிரஷர், சிறுநீர், லெவல் பார்க்க வேண்டிய சமயத்தில் பெண் ஜமுனாமரத்தூர் மலையில் இருப்பாள். வளைகாப்பு போடுங்கள், வளையல் அடுக்குங்கள், ஆனால் வண்டி ஆஸ்பத்திரி பக்கம் திரும்பட்டும். அம்மாவை இங்கே வரவழைத்தாலும் தாய்வீடுதான். தலைவலி, கண் மங்கல், முகம் கை வீக்கம், காய்ச்சல், சிறுநீர் குறைவது, கிட்னி வைத்த இடத்தில் வலி, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும், காலையில் பார்க்கலாம் என்று வைக்கக்கூடாது.

பிரசவமும் பாலும்

புதுக் கிட்னியை முதுகில் வைப்பதில்லை, அடிவயிற்றின் ஓரத்தில், இடுப்பெலும்புக் குழியில் வைக்கிறார்கள். குழந்தை வரும் வழியை அது பொதுவாக மறிப்பதில்லை. சுகப்பிரசவம் ஆகலாம். நடைமுறையில் பாதிக்கு மேல் சிசேரியன்தான், காரணம் பெரும்பாலும் பிரஷரும் குறைமாதமும். சிசேரியன் என்றால் கிட்னியும் அதன் சிறுநீர்க் குழாயும் எங்கே போகின்றன என்று தெரிந்த குழு வேண்டும், அதனால் பெரிய ஆஸ்பத்திரியிலேயே பதிந்துவையுங்கள்.

தாய்ப்பால் கூடாது என்று முன்பு சொன்னார்கள். இப்போது அந்தக் கருத்து மாறிவிட்டது. டாக்ரோலிமஸ், பிரெட்னிசோலோன், அசத்தயாப்ரின் மூன்றும் பாலில் மிகக் குறைவாகவே போகின்றன, கொடுக்கலாம் என்கிறார்கள். மைக்கோஃபினோலேட்டுக்குத் திரும்பிவிட்டால் கொடுக்கக்கூடாது. எனவே பால் நிறுத்தும்வரை அசத்தயாப்ரினிலேயே வைத்திருக்க முடியுமா என்று பிரசவத்துக்கு முன்பே கேளுங்கள். குழந்தைக்குப் போடும் உயிருள்ள தடுப்பூசிகள் பற்றியும் குழந்தை டாக்டரிடம், அம்மா என்னென்ன மருந்து எடுத்தாள் என்ற பட்டியலைக் காட்டிக் கேட்க வேண்டும்.

என் தங்கையின் கிரியாட்டினின் இப்போது 1.3. மைக்கோஃபினோலேட் தொடர்கிறது, கருத்தடையும் தொடர்கிறது. தை மாதம் ஒரு வருடம் முடிகிறது. அப்போது எல்லாம் நன்றாக இருந்தால் அசத்தயாப்ரினுக்கு மாற்றுவார்களாம். சித்தி இப்போதே காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றிவைத்திருக்கிறார்.